எலும்பு எங்கே?

புரொபஸர் சாலஞ்சர் என்று ஒரு மனிதர். பீப்பாயைப் போன்ற மார்பு. அந்த மார்பை மறைத்துத் தொங்கும் கறுத்த தாடி. மூக்கின் நுனியிலேயே குடியிருக்கும் கோபம். பேட்டி காண வரும் பத்திரிகை நிருபர்களை வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு உருட்டிவிடுவது அவருடைய பொழுதுபோக்கு. தென் அமெரிக்கக் காட்டின் நடுவே, நாலு புறமும் செங்குத்தான பாறை சூழ்ந்த ஒரு பீடபூமியின் மேல், மற்ற இடங்களிலெல்லாம் பூண்டோடு அற்றுப்போன ராட்சதப் பிராணிகள் இன்னும் உயிரோடு உலாவுகின்றன என்று அவர் லண்டனுக்கு வந்து சொல்கிறார். லண்டன் விழுந்து விழுந்து சிரிக்கிறது. எலும்பு எங்கே, ஐயா, என்று கேட்கிறது.

ஸர் ஆர்தர் கானன் டாயில் 1912-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'ஸ்டிராண்ட்' பத்திரிகையில் தொடர்கதையாக எழுதிய 'தி லாஸ்ட் வோர்ல்ட்' நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. டாயில் என்றவுடனே எல்லோருக்கும் ஷெர்லாக் ஹோம்ஸ் நினைவு வரும். எனக்கு என்னவோ இந்தத் தாடிக்காரர்தான் முதலில் வந்து நிற்பார். அதற்கு எங்கள் ஜில்லா ஒரு காரணமாக இருக்கலாம். விருதுநகர், சிவகாசிப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சாகசக் கதை என்பது எங்கோ தூர தேசத்துச் சரக்கு அல்ல. பட்டாசைப் போல அதுவும் உள்ளூர் உற்பத்தி. தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்து வந்த சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. முதல் கதை 'இரும்புக்கை மாயாவி'. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. சீமையில் பிறந்த வீரர்கள் எங்கள் ஊர் அச்சு மையின் வாசனையோடு தமிழ் பேசிக்கொண்டு புறப்பட்டார்கள். அந்தப் புத்தகங்களைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவன், பிற்காலத்தில் சாலஞ்சரைத் தேடிப் போனதில் ஆச்சரியம் இல்லை அல்லவா?

பலரும் இந்த நாவலைப் 'பெரிய பல்லிகளின் கதை' என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊன்றிப் படித்தால் இது ருசுவைப் பற்றிய கதை என்பது தெரியும். சாலஞ்சர் தம் முதல் பிரயாணத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பவில்லை. இறந்துபோன ஓர் அமெரிக்கச் சித்திரக்காரனுடைய படப் புத்தகம் அவரிடம் இருக்கிறது. அதில் விபரீதமான ஒரு மிருகத்தின் படம் இருக்கிறது. சித்திரக்காரன் எதை வேண்டுமானாலும் வரைவானே என்கிறார்கள். போட்டோவும் இருக்கிறது, ஆனால் படகு கவிழ்ந்து தண்ணீர் புகுந்ததால் மங்கிப்போய்விட்டது. பறக்கும் பிராணி ஒன்றின் இறக்கையில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. பாவம், மனிதர் உண்மையைத்தான் சொல்கிறார்; அதைக் காட்டத்தான் வகையில்லை. கடைசியில் நிருபன் மாலோன், சந்தேகப் பிராணியான புரொபஸர் ஸம்மர்லீ, வேட்டைக்காரரான லார்டு ராக்ஸ்டன் ஆகியோருடன் மறுபடியும் போய், உயிருள்ள டெரோடாக்டைல் ஒன்றைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து, லண்டனில் குயீன்ஸ் ஹாலில் கூடிய சபையின் நடுவே திறந்துவிடுகிறார். அதுவோ சபையை ஒரு சுற்றுச் சுற்றிக் கலக்கிவிட்டு, ஜன்னல் வழியாகப் பறந்தே போய்விடுகிறது!

டாயிலுக்கு இந்த யோசனை ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. ஸஸெக்ஸ் பிரதேசத்தில் அவர் குடியிருந்த கிரௌபரோ ஊருக்கு அருகில் இக்வனோடான் என்னும் டைனோசாரின் காலடித் தடங்கள் கல்லில் பதிந்து கிடைத்தன. அவற்றின் அச்சுகளை அவர் வீட்டிலேயே வைத்திருந்தார். குறும்புக்கும் குறைவில்லை. தாமே ஒட்டுத் தாடியும் அடர்ந்த புருவமும் வைத்துக்கொண்டு சாலஞ்சராக வேஷம் போட்டு, போட்டோ எடுத்து நாவலுக்குப் படமாகக் கொடுத்தார். ருசு கேட்டவர்களுக்கு ஆசிரியரே பொய் ருசு தயாரித்த கதை இது. விசித்திரம் என்னவென்றால், அதே 1912 டிசம்பரில், டாயில் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத பில்ட்டவுனில் ஆதி மனிதனுடைய மண்டை ஓடு கிடைத்துவிட்டதாக விஞ்ஞானிகள் கொண்டாடினார்கள். அது மனித மண்டையோடு குரங்கின் தாடையைச் சேர்த்துச் செய்த மோசடி என்று வெளிப்பட 1953 வரை ஆயிற்று. கதையில் உண்மையை நம்ப மறுத்த அறிஞர்கள், நிஜத்தில் பொய்யை நாற்பது வருஷம் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள்.

எழுத்தில் இருந்தவரையில் இந்தப் பிராணிகளை வாசகர்கள் மனக்கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. 1922 ஜூன் 2-ஆம் தேதி நியூயார்க்கில் அமெரிக்க மாயவித்தைக்காரர்கள் சங்கத்தின் விருந்து ஒன்று நடந்தது. டாயில் அங்கே ஒரு சினிமாச் சுருளை ஓட்டிக் காட்டினார். திரையில் டைனோசார்கள் மேய்ந்தன, சண்டை போட்டன. இது எங்கே எடுத்தது, எப்படி எடுத்தது என்று அவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அதை முதற்பக்கத்தில் வெளியிட்டது. அப்புறந்தான் டாயில் ரகசியத்தைச் சொன்னார். வில்லிஸ் ஓபிரையன் என்பவர் சிறு பொம்மைகளை இம்மி இம்மியாக அசைத்து, ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு படமாக எடுத்துச் சேர்த்த வேலை அது. அந்தப் படம் 1925-ல் முழுமையாக வெளிவந்தது. அதில் லண்டனுக்குள் டெரோடாக்டைல் பறக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பிரண்டோஸாரஸ் ஒன்று தப்பித்து ஓடிப் பாலத்தை உடைக்கிறது. சினிமாக்காரர்களுக்கு ருசு பெரிதாக இருந்தால்தான் திருப்தி.

1960-ல் இர்வின் ஆலன் எடுத்த படத்தைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பதே மரியாதை. உயிருள்ள உடும்பு, முதலைக் குட்டி முதலியவற்றுக்குக் கொம்பும் துடுப்பும் ஒட்டி நடிக்க வைத்தார்கள். ஓணான்களுக்கு வேஷம் பொருந்தவில்லை. 1999 முதல் 2002 வரை ஆஸ்திரேலியாவில் எடுத்த டெலிவிஷன் தொடர் ஒன்று வந்தது. அதில் சாலஞ்சர் கோஷ்டியோடு ஒரு சீமாட்டியும், மரத்தின் மேல் வீடு கட்டி வாழும் ஒரு காட்டுப் பெண்ணும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று வருஷம் ஓடி, எல்லோரையும் ஆபத்தில் தொங்க விட்டபடியே நின்று போயிற்று. தொடர்கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு, வாசகரை இப்படி நட்டாற்றில் விடுவது மகா பாவம் என்று தோன்றுகிறது.

நான் சொல்ல வந்தது பி.பி.சி. டெலிவிஷன் 2001 டிசம்பர் 25, 26 தேதிகளில் இரண்டு பகுதிகளாகக் காட்டிய படத்தைப் பற்றி. கிறிஸ்துமஸ் விருந்தாக அதை ஒளிபரப்பினார்கள். ஒரு நண்பர் கொடுத்த குறுந்தகட்டில் பிற்பாடு நான் பார்த்தேன். பாப் ஹாஸ்கின்ஸ் சாலஞ்சராக வருகிறார். ஜேம்ஸ் ஃபாக்ஸ் ஸம்மர்லீ. நியூஸிலாந்துக் காடுகள் தென் அமெரிக்காவாக நடிக்கின்றன. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் டைனோசார்களைப் பற்றிப் பெயர் பெற்ற விஞ்ஞானத் தொடர் ஒன்றை அதே பி.பி.சி. தயாரித்திருந்தது. அந்த அனுபவம் இதில் கைகொடுத்தது. கம்ப்யூட்டரில் பிறந்த பிராணிகள் மூச்சு விடுகின்றன, தோல் சுருங்குகின்றது, சேற்றில் கால் புதைகின்றது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுவல்ல. கதையில் அவர்கள் செய்த இரண்டு மாறுதல்கள்.

மூல நாவலில் இல்லாத ஒரு பாதிரியாரைப் படத்தில் நுழைத்திருக்கிறார்கள். பீட்டர் ஃபால்க் நடித்திருக்கிறார். 'கொலம்போ' துப்பறிவாளராக உலகம் அறிந்த அதே மனிதர். சிருஷ்டியைப் பற்றித் தாம் நம்புவதற்கு விரோதமான ருசு வெளியே வரக்கூடாது என்று, பீடபூமிக்குப் போன கோஷ்டி திரும்பும் வழியையே அவர் அடைத்துவிடுகிறார். இது ஒன்று. மற்றொன்று முடிவு. சபையில் பிராணி தப்பிப் பறந்ததும், இனி உலகத்திலுள்ள வேட்டைக்காரர்களும் வியாபாரிகளும் அந்தப் பீடபூமியின் மேல் பாய்ந்துவிடுவார்களே என்று நம்முடைய வீரர்களுக்கு உறைக்கிறது. உடனே, இதெல்லாம் கட்டுக்கதை என்று சொல்லிவிடுகிறார்கள்! 1912-ல் ருசுவைக் கொண்டுவருவது வெற்றி. 2001-ல் ருசுவை மறைப்பது தர்மம். எண்பத்தொன்பது வருஷத்தில் மனிதன் தன்னைப் பற்றி என்ன தெரிந்துகொண்டான் என்பதற்கு இந்த மாறுதலே சாட்சி. டாயிலின் நாவலைத் தொட்டுத் திருத்தியவர்களில் இவர்களுக்குத்தான் மூளை இருந்தது என்பேன்.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஜாதிக் கதைக்கும் சம்பந்தம் உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு; சேலத்தில் உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரமும், 'மீரா', 'மந்திரி குமாரி' படங்களை டைரக்ட் செய்த அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கனும் சேர்ந்து, 1952-ல் 'தி ஜங்கிள்' என்ற இங்கிலீஷ் படத்தை அமெரிக்கக் கம்பெனிக்காகத் தயாரித்தார்கள். தமிழில் அதன் பெயர் 'காடு'. ராட் கேமரான், ஸீஸர் ரொமேரோ, மேரி விண்ட்ஸர் என்ற ஹாலிவுட் நட்சத்திரங்களோடு நம் எம். என். நம்பியாரும் நடித்தார். கதையில், காட்டு யானைகள் மிரண்டு ஊர்களை அழிப்பதற்குக் காரணம், எப்போதோ அற்றுப்போன சடை யானைகள் மலையில் இன்னும் வாழ்வதுதான். சடை யானைக்கு எங்கே போவது? நம் ஊர் யானைகளுக்கே கம்பளி ரோமம் போர்த்திப் பெரிய தந்தம் மாட்டிவிட்டார்கள். உஷ்ண தேசத்து யானைக்கு அந்தப் போர்வை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே வியர்க்கிறது.

வேஷம் போட்ட பிராணிகள் போகட்டும். நிஜமான ராட்சதப் பிராணிகள் நம் மண்ணில் வாழவில்லையா?

சாலஞ்சரைப் படித்த வேகத்தில் எங்கள் கரிசல் காட்டில் எலும்பு தேடாத பையன்கள் குறைவு. கிடைக்காது. விருதுநகர் ஜில்லாவில் சுண்ணாம்புக் கல்லுக்குப் பஞ்சமில்லை. பந்தல்குடிப் பக்கம் வெட்டி எடுத்துச் சிமெண்ட் செய்கிறார்கள். ஆனால் அது பூமியின் வயிற்றில் வெந்து உருமாறிய கல். எலும்புள்ள பிராணிகள் பிறப்பதற்கு வெகு முன்னால் உண்டானது. அரியலூர்ச் சுண்ணாம்புக் கல் அப்படியல்ல. அது கடல் விட்டுப் போன வண்டல். கிளிஞ்சலும் நத்தையும் அடுக்கடுக்காகப் படிந்தது. இரண்டும் ஒரே மாதிரிச் சிமெண்டாகத்தான் வெளியே வருகின்றன; ஒன்றில் மட்டும் சரித்திரம் இருக்கிறது.

இந்தியாவில் டைனோசார் எலும்பு முதலில் அகப்பட்டது வடக்கே, ஜபல்பூரில். 1828-ல் காப்டன் வில்லியம் ஸ்லீமன் எடுத்தார். வழிப்பறித் தக்கர்களை அடக்கிய அதே ஸ்லீமன். 'டைனோசார்' என்ற வார்த்தையே அப்போது பிறக்கவில்லை. ரிச்சர்ட் ஓவன் அந்தப் பெயரை வைத்தது 1842-ல். நாற்பத்தொன்பது வருஷம் கழித்து, 1877-ல்தான், ரிச்சர்ட் லைடெக்கர் அந்த எலும்புக்கு உரிய பிராணிக்கு டைடனோஸாரஸ் இண்டிகஸ் என்று பெயர் சூட்டினார்.

திருச்சிப் பக்கத்துக் கல் படிவங்களை ஹென்றி பிளான்ஃபோர்டு ஆராய்ந்து 1862-ல் எழுதினார். சார்லஸ் மேட்லி 1929-ல் திருச்சி ஜில்லாவின் டைனோசார்களைப் பற்றித் தனியாகவே ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில், கல்லாய்ச் சமைந்து கிடந்த பதினெட்டு மீட்டர் மரம் ஒன்றை உலகுக்குத் தெரிவித்தார். அதை இன்றும் வேலி போட்டுக் காத்து வருகிறார்கள். இந்த மரத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சாட்சிக் கூண்டில் ஏறப் போகிறது.

அரியலூரை அடுத்த கல்லமேட்டில், இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர், யாரும் கண்டிராத அளவுள்ள எலும்புகளைக் கண்டார்கள். இடுப்பெலும்பின் பகுதி, தொடையெலும்பின் கீழ்முனை, வால் எலும்பு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு. அதன் நீளம் இரண்டு மீட்டர். உலகத்திலேயே மிகப் பெரிது என்று பெயர் வாங்கிய அர்ஜென்டினோஸாரஸுக்கு அதே இடத்து எலும்பு 155 சென்டிமீட்டர்தான். 1987-ஆம் வருஷத்து வெளியீட்டில் இருவரும் இந்தப் பிராணிக்குப் 'புருகத்காயோஸாரஸ் மேட்லியி' என்று நாமகரணம் செய்தார்கள். பிரும்மாண்டமான தேகம் என்ற ஸம்ஸ்கிருதப் பதம் முன்னால். மேட்லிக்கு மரியாதை பின்னால். முதலில் இதை மாமிச பட்சிணி என்றே எழுதினார்கள். பிற்பாடு மற்ற ஆராய்ச்சியாளர்கள் பார்த்து, இல்லை, நீண்ட கழுத்தோடு தழை தின்னும் குடும்பத்தைச் சேர்ந்தது என்றார்கள். ராட்சதர் சைவரானார்.

அது வாழ்ந்த காலத்தில், அதாவது சுமார் ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால், இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. மடகாஸ்கரிலிருந்து பிரிந்து, தனித் தீவாகத் தென் சமுத்திரத்தில் வடக்கு நோக்கி மிதந்துகொண்டிருந்தது. டாயில் பாறைச் சுவர் கட்டிக் கற்பனை செய்த தனிப் பீடபூமியை, இயற்கை ஒரு தேசத்தின் அளவில் கட்டி, சுற்றிலும் கடல் வைத்துக் காத்திருந்தது. அதில் ஒரு நதிக்கரையில் இந்தப் பிராணி விழுந்தது, வண்டல் மூடியது.

அந்த எலும்புகள் இன்று இல்லை.

பெரிய எலும்பை மண்ணிலிருந்து எடுப்பது குழந்தையை எடுப்பது போன்ற வேலை. மண்ணை மெல்லச் சுரண்டி, தெரிகிற பாகத்தில் நீர்த்த பசையை ஊற விட்டு, காகிதம் போர்த்தி, அதன் மேல் சாக்குத் துணியைப் பிளாஸ்டர் கரைசலில் தோய்த்துச் சுற்றி, கால் முறிந்தவனுக்குப் போடுவதுபோல மாவுக்கட்டுப் போட்டு, இறுகிய பிறகு தூக்க வேண்டும். கல்லமேட்டு எலும்புகள் இதற்கெல்லாம் பிடி கொடுக்கிற நிலையில் இல்லை. மழையில் ஊதி, வெயிலில் வெடிக்கும் களிமண்ணில் அவை கிடந்தன. ஒவ்வொரு பருவத்திலும் எலும்புக்குள் நீர் புகுந்து புகுந்து, உருவம் இருந்தும் உறுதி இல்லாமல் போய்விட்டது. ஏழு கோடி வருஷம் தாங்கிய பொருள், மனிதன் கை பட்ட சில காலத்தில் பொடியாயிற்று.

சிவகாசியில் பட்டாசுத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "ஈரம் புகுந்த பண்டம் பாக்கிறதுக்கு முழுசாத்தான் இருக்கும் அண்ணாச்சி, எடுத்தாத்தான் தெரியும்" என்றார். ஐப்பசி மழையில் நமுத்த சரவெடியை மனத்தில் வைத்துச் சொன்ன வார்த்தைதான். ஆனாலும் இந்த விஷயத்தில் இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்கு அகப்படவில்லை.

எலும்பு போனதும் லண்டன் சபை மறுபடியும் கூடிவிட்டது. 1987 வெளியீட்டில் வர்ணனை சுருக்கம். படங்கள் வெறும் கோட்டுச் சித்திரங்கள். சித்திரக்காரனுடைய படப் புத்தகத்தை நம்பாத அதே சந்தேகம் இங்கேயும் எழுந்தது. அது எலும்புதானா, பக்கத்திலே சாத்தனூரில் கிடக்கிறதே, அதுபோலக் கல்லான மரத் துண்டா என்று வெளிநாட்டில் சிலர் கேட்டார்கள். கேட்டது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். சந்தேகம் விஞ்ஞானத்தின் பிறவிக் குணம். ஆனால் பதில் சொல்ல வேண்டிய எலும்பு வாயில்லாமல் போனது நம் துரதிருஷ்டம். 2022-ல், பழைய போட்டோக்கள் சிலவற்றைத் தேடியெடுத்து, பால் என்பவரும் அதே அய்யாசாமியும் சேர்ந்து வெளியிட்டார்கள். கட்டுரைக்குக் 'காவிரியின் காணாமற்போன ராட்சதன்' என்ற பொருளில் தலைப்பிட்டார்கள். அவற்றைப் பார்த்த பிறகு எலும்புதான் என்ற கட்சி வலுத்தது. 2023-ல் கிரிகரி பால், லாராமெண்டி என்ற இருவர் கணக்குப் போட்டு, அந்தப் பிராணியின் எடை 110 டன்னிலிருந்து 170 டன் வரை இருந்திருக்கலாம் என்றார்கள். கணக்கு சரியாக இருந்தால், நிலத்தில் நடந்த பிராணிகளில் அதற்கு நிகர் இல்லை. நீலத் திமிங்கலத்தோடு தராசில் உட்காரலாம். போட்டோவை வைத்துப் போட்ட கணக்கு ஆகையால் 'இருந்தால்' என்ற வார்த்தையை எடுக்க முடியவில்லை.

அதே கல்லமேட்டுப் படிவத்திலிருந்து 2013-ல் இன்னொரு செய்தி வந்தது. சின்னஞ்சிறு மாமிச பட்சிணி டைனோசார் ஒன்றின் ஒரே ஒரு பல். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். அதை உலகத்தின் பெரிய விஞ்ஞானப் பத்திரிகை ஒன்று மரியாதையோடு வெளியிட்டது. இரண்டு மீட்டர் எலும்பு காற்றில் போயிற்று. பூச்சி மாதிரி ஒரு பல் நின்றுவிட்டது. பல்லின் மேற்பூச்சு எலும்பைவிடக் கெட்டி என்பதுதான் காரணம், வேறு மாயம் ஒன்றும் இல்லை.

நம் ஜனங்களும் ராட்சதப் பிராணிக்காக ஏங்கத்தான் செய்கிறார்கள். 2020-ல் பெரம்பலூர் ஜில்லா குன்னத்தில், குளத்தில் மண் எடுத்த இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசார் முட்டை என்று செய்தி பரவிவிட்டது. விஷயம் தெரிந்தவர்கள் வந்து, இவை முட்டை அல்ல, அம்மோனைட் என்னும் பழைய கடல் பிராணியின் ஓட்டைச் சுற்றி மண் திரண்டு இறுகிய உருண்டைகள் என்றார்கள். எத்தனை பேருக்கு ஏமாற்றம்! கடலே இல்லாத குன்னத்தில் கடல் பிராணி கிடைத்தது சாமானியமான சமாசாரமா? அதற்குக் கூட்டம் சேரவில்லை.

எலும்பு தொலைந்தால் தொலைந்ததுதான் என்று முடிவு கட்டவும் மனம் வரவில்லை. ஸ்லீமன் ஜபல்பூரில் எடுத்தாரே, டைடனோஸாரஸ், அதன் வால் எலும்பும் வெகுகாலம் காணாமற்போன பட்டியலில்தான் இருந்தது. புத்தகங்களில் அப்படியே எழுதி வந்தார்கள். 2012-ல் மோஹபே முதலிய இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையினர் கல்கத்தாவில் பழைய சேகரங்களைக் குடைந்து தேடியபோது, எலும்பு அகப்பட்டுவிட்டது. ஜபல்பூர் எலும்பு கெட்டி, கல்லமேட்டு எலும்பு மண். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியாதது அல்ல. இருந்தாலும், அந்தப் பெரிய எலும்பிலிருந்து உதிர்ந்த ஒரு துண்டையாவது, தேதி போட்ட பழைய செய்தித்தாளில் சுற்றி, எந்த அலமாரியின் அடித்தட்டிலாவது யாராவது செருகி வைத்திருக்க மாட்டார்களா என்று ஒரு சபலம்.